குணத்தை மாற்ற ஒரு நாற்பது பக்க நோட்டு

"இனிமேல் கோபப்படவே மாட்டேன்." இப்படி ஒரு முடிவை ஒருமுறையாவது எடுக்காதவர்கள் குறைவு. யாரையாவது கடுஞ்சொல்லால் நோகடித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரளும் இரவில்தான் பெரும்பாலும் அந்த முடிவு பிறக்கிறது. மனதார எடுக்கிற முடிவுதான். ஆனால் மறுநாள் காலை ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும் நேரத்தில் பிள்ளை ஒற்றை சாக்ஸோடு நின்றால், அது போன இடம் தெரியாது. பிறகு, "என் குணமே இப்படித்தான், என்ன செய்ய" என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

தீர்ப்பு எழுதும் முன் அந்த முடிவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எந்த நேரத்தில், யாரிடம் வரும் கோபம் என்று அதில் ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதும் இல்லை. வாழ்நாள் முழுமைக்குமான ஒரு பெரிய சபதம் மட்டும் இருக்கிறது. அப்படிப்பட்ட சபதம் முதல் நாளே உடைந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குணத்தைச் சிறு சிறு துண்டாக, தினம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிறவியா, பழக்கமா?

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைப் பேசிவிடுவோம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று பலருக்கு மனப்பாடம்: "சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்று தொடங்குவது. அதே பாடல் "நித்தம் நடையும் நடைப்பழக்கம்" என்கிறது. அடுத்த மூச்சிலேயே "நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்" என்று முடித்தும் விடுகிறது. ஒழுக்கம் பழகிவரும், இரக்கமும் கொடுக்கும் மனமும் கூடவே பிறக்க வேண்டும் என்று பொருள். கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இந்தப் பிரிவினையை ஒப்புக்கொள்ள மாட்டார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனார் ஆகிறார், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞர் ஆகிறார்; அதேபோல நியாயமான காரியங்களைச் செய்து செய்துதான் நியாயமான மனிதர் ஆகிறார் என்பது அவர் வாதம்.

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று கேட்காமலே பங்கு கொடுக்கும், மற்றொன்று பிடித்த பிடியை விடாது. அந்த வேறுபாடு கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிகிறது. ஆனாலும் இறுக்கிப் பிடிக்கும் பிள்ளை கொடுக்கவே கற்றுக்கொள்ளாது என்று எந்தத் தாயும் விட்டுவிடுவதில்லை. "அண்ணனுக்கு ஒண்ணு குடு" என்று தினமும் சொல்லத்தானே செய்கிறாள்? முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் கொடுக்கும். கொடுத்துப் பழகிய பிறகு முகம் மாறும். உள்ளே உணர்ச்சி ஊறட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் பலருக்கு வயதாகிவிடும். செயல் முன்னே போகட்டும், மனம் பின்னால் வரும் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

பிராங்க்ளின் போட்ட கோடுகள்

இதைச் செய்து பார்த்ததோடு, எப்படிச் செய்தேன் என்று விவரமாக எழுதியும் வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1706-ல் பாஸ்டன் நகரில் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்து, பிலடெல்பியாவில் அச்சகம் நடத்தியவர். மின்னலை ஆராய்ந்தவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் என்று உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் பெயரெல்லாம் வருவதற்கு முன், இளவயதில், அவருக்கு ஒரு பேராசை இருந்தது. ஒரு தவறும் செய்யாமல் வாழ்ந்துவிட வேண்டும். எது சரி, எது தவறு என்றுதான் தெரியுமே, பிறகென்ன கஷ்டம் என்று நினைத்தார்.

இறங்கிய பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ஒரு குறையைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்று தலைகாட்டியது. கவனம் சற்றுப் பிசகியதும் பழைய பழக்கம் முந்திக்கொண்டது. நல்லவனாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதாது, பழைய பழக்கத்தை உடைத்துப் புதியதை ஊன்றியாக வேண்டும் என்று புரிந்துகொண்டு ஒரு முறையை வகுத்தார்.

பதின்மூன்று குணங்களைத் தேர்ந்தெடுத்தார்: உணவிலும் குடியிலும் மிதம், அளவான பேச்சு, ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம், உழைப்பு, வஞ்சமின்மை, நீதி, எதிலும் எல்லை மீறாமை, தூய்மை, மன அமைதி, பாலொழுக்கம், பணிவு. பட்டியல் யார் வேண்டுமானாலும் போடலாம். அவர் கெட்டிக்காரத்தனம் அடுத்ததில் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறு கட்டளையை எழுதினார். 'ஒழுங்கு' என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம் என்று எழுதினார். 'அளவான பேச்சு' என்பதற்கு, பிறருக்கோ உனக்கோ பயன்படாததைப் பேசாதே, வெட்டிப் பேச்சைத் தவிர் என்று எழுதினார். ஒழுங்காக இருந்தேனா என்று இரவில் கேட்டால் பதில் குழம்பும். சாவியை அதன் இடத்தில் மாட்டினேனா என்றால் ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான்.

வரிசையையும் யோசித்துத்தான் போட்டார். வயிறும் மதுவும் அடங்கினால் தலை தெளிவாக இருக்கும், தலை தெளிந்தால்தான் மற்றதைக் கவனிக்க முடியும் என்பதால் மிதம் முதலில். பேச்சைவிடக் கேட்பதில்தான் அறிவு சேர்கிறது என்பதால் அளவான பேச்சு இரண்டாவது. ஒழுங்கு வந்தால் நேரம் மிஞ்சும் என்பதால் அது மூன்றாவது. ஒன்று கைவந்தால் அடுத்தது எளிதாகும்படி அடுக்கியிருக்கிறார்.

பிறகு ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பக்கம். சிவப்பு மையில் கோடு போட்டு, வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்தி, குணங்களுக்குப் பதின்மூன்று வரிசை. இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எந்தக் குணத்தில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின் மேல்தான் முழுக் கவனம். அந்த வரிசையில் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றப் பன்னிரண்டும் எப்போதும்போல் நடக்கட்டும், தவறினால் இரவில் குறித்துக்கொண்டால் போதும். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பழைய புள்ளிகளைச் சுரண்டி அழித்துவிட்டு அதே தாளில் புதிதாகக் குறித்ததால் தாள் பொத்தலாகிவிட்டது. அதன்பின் தந்தத் தகடுகளால் ஆன குறிப்பேட்டில் அழியாத சிவப்புக் கோடு போட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தினார்.

பலன் என்ன? எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ அதிகமான குறைகள் தன்னிடம் இருந்தது கண்டு திகைத்தேன், அவை குறைந்துவருவதைப் பார்க்கும் மகிழ்ச்சியும் கிடைத்தது என்று பின்னாளில் எழுதினார். ஒழுங்கில் மட்டும் அவர் கடைசிவரை தேறவில்லை. அச்சக முதலாளிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், நினைத்த நேரத்தில் நினைத்த வேலை நடக்காது. நல்ல ஞாபகசக்தி இருந்ததால் பொருளை எங்கே போட்டாலும் எடுத்துவிடலாம் என்ற பழக்கமும் ஊறியிருந்தது.

அந்தத் தோல்வியைச் சொல்லும்போது அவர் ஒரு கோடாலிக் கதை சொல்கிறார். கோடாலி வாங்கிய ஒருவர், அதன் விளிம்பு மட்டுமல்ல, முழுப்பரப்பும் பளபளக்க வேண்டும் என்று கொல்லரிடம் கேட்டார். நீங்கள் சாணைச் சக்கரத்தைச் சுற்றினால் நான் தீட்டித் தருகிறேன் என்றார் கொல்லர். கோடாலியின் அகலப் பக்கத்தை அவர் கல்லில் அழுத்த அழுத்த, சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தது. அடிக்கடி எட்டிப் பார்த்தவர், இப்படியே போதும் என்றார். இன்னும் சுற்றுங்கள், இப்போதைக்குப் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கிறது என்றார் கொல்லர். இருக்கட்டும், எனக்குப் புள்ளிக் கோடாலிதான் பிடிக்கிறது என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். களைத்துப்போய்ப் பாதியில் விட்டவர்கள் பலர், விட்டதையே தங்கள் விருப்பம் என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்பது பிராங்க்ளின் கருத்து. "நான் எதையும் மூஞ்சிக்கு நேரா பேசிடுவேன், அதுதான் என் ஸ்பெஷல்" என்று யாராவது பெருமைப்படும்போது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

சொல்லைத் திருத்தினார்

அவர் செய்தவற்றில் இன்று நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது பணிவுக்காக அவர் கையாண்ட வழி. முதலில் பட்டியலில் பன்னிரண்டு குணங்களே இருந்தன. குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உன்னை எல்லோரும் கர்வம் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள், விவாதத்தில் ஜெயித்தால் மட்டும் உனக்குப் போதவில்லை, எதிராளியை மட்டம் தட்டுகிறாய் என்று அன்போடு எடுத்துச் சொன்னார். உதாரணங்களும் காட்டினார். பதின்மூன்றாவதாகப் பணிவு சேர்ந்தது அப்படித்தான்.

கர்வத்தை உள்ளே போய் அறுத்தெடுக்க வழியில்லை. அதனால் அவர் வாயில் வரும் சொற்களைப் பிடித்தார். 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லை' போன்ற சொற்களைத் தனக்குத் தடை செய்துகொண்டார். 'எனக்கு இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது', 'இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன்' என்று பேசப் பழகினார். யாராவது தவறாக ஒன்றைச் சொன்னால் உடனே வெட்டிப் பேசாமல், சில இடங்களில் நீங்கள் சொல்வது சரிதான், இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறுபாடு தெரிகிறதே என்று தொடங்கினார். ஆரம்பத்தில் இயல்புக்கு எதிராக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. போகப்போக எளிதாகி, ஐம்பது வருடமாக என் வாயிலிருந்து அடித்துப் பேசும் சொல் வந்ததை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எழுதும் அளவுக்குப் பழகிவிட்டது. பணிவு உண்மையிலேயே வந்துவிட்டதாக அவர் பெருமையடிக்கவில்லை. வெளித்தோற்றத்தில் நிறையத் தேறினேன் என்றுதான் சொல்கிறார். கர்வத்தை முழுக்க வென்றால்கூட, வென்றுவிட்டேன் என்ற கர்வம் மிஞ்சும் என்கிறார்.

வெளித்தோற்றம் மட்டும் மாறினால் அது போலித்தனம் இல்லையா என்று கேட்கலாம். எதிரில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வருடம் அவரிடம் பேசிய எத்தனையோ பேர் அவமானப்படாமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது போலி இல்லை.

இரவில் ஐந்து நிமிடம்

நாளின் முடிவில் கணக்குப் பார்ப்பது பிராங்க்ளினுக்கு மிகவும் முந்திய வழக்கம். ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா, கோபத்தைப் பற்றி எழுதும்போது தன் இரவுகளை விவரிக்கிறார். விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, இவர் வழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்வாராம். அன்று பேசியதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்ப்பார். அந்த வாக்குவாதத்தில் தேவைக்கு மேல் சண்டைக்கு நின்றாய். அவனைக் கண்டித்தது சரி, ஆனால் திருந்தும்படிச் சொல்லாமல் நோகும்படிச் சொன்னாய் என்று தனக்கே எடுத்துச் சொல்வார். பிறகு, மறுபடி செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்று முடிப்பார். அந்த மன்னிப்பு முக்கியம். தன்னைத் தானே திட்டிக்கொண்டே தூங்குகிறவர்கள் நாலு நாளில் நோட்டைத் தொடப் பயப்படுவார்கள்.

காந்தி லண்டனில் சட்டம் படித்த காலத்தில், 1888-க்குப் பின், செலவு செய்த ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்துவிடுவார். பஸ் கட்டணம், தபால் தலை எதுவும் தப்பாது. லட்சக்கணக்கில் பொதுப்பணம் கையில் புரண்ட காலத்திலும் சிக்கனமாக இருக்க முடிந்தது அந்தப் பழக்கத்தால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நீங்கள் தொடங்குவதென்றால்

ஒன்றே ஒன்றை எடுங்கள். அநேகமாகத் தினமும் தலைகாட்டுவதாக, கூட இருப்பவர்களை நோகடிப்பதாக இருந்தால் நல்லது. வருடத்துக்கு இருமுறை வரும் குறையை நோட்டில் வைத்துப் பழக முடியாது.

அடுத்து, அதைக் கண்ணுக்குத் தெரியும் செயலாக மாற்ற வேண்டும். 'பொய் பேசக் கூடாது' என்பது பெரிது. வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே "கிளம்பிட்டேன், இன்னும் அஞ்சு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்று போனில் சொல்கிறோமே, அந்த ஒன்றை மட்டும் எடுங்கள். "இன்னும் கிளம்பல, அரை மணி ஆகும்" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் சில தடவை நாக்கு எழாது. எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்வாரோ என்று இருக்கும். ஆனால் காத்திருப்பவர் அந்த அரை மணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்வார். நீங்களும் அடுத்த முறை நேரத்தோடு கிளம்ப ஆரம்பிப்பீர்கள்.

காலை நேரக் கோபத்துக்கு வருவோம். 'கத்த மாட்டேன்' என்று எழுதினால் அந்த நொடியில் செய்ய ஒன்றும் இருக்காது. 'சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல், பிள்ளையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டுதான் சொல்வேன்' என்று எழுதுங்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு நாலு எட்டு நடந்து போவதற்குள் குரல் தானாக இறங்கிவிடும். பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் கத்தத் தேவையும் இருக்காது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த வகைத் திட்டத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே இடமும் நேரமும் குறித்து வைப்பவர்கள், வெறும் விருப்பத்தோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுகளின் சாரம்.

கூடவே, முந்தின இரவே சாக்ஸையும் டிபன் பாக்ஸையும் எடுத்து வைத்துவிடுங்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். நம் கோபத்தில் பாதி அவசரத்தில் விளைவது. அவசரத்தைக் குறைப்பதும் குணத்தைத் திருத்துவதில் சேர்ந்ததுதான்.

நோட்டுக்குத் தனிச் செலவு வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஏழு கோடு போட்டு, மேல் வரிசையில் இந்த வாரத்துக்கான செயலை எழுதுங்கள். தலையணை அருகே பேனாவோடு வையுங்கள். மொபைலில் குறிக்க ஆப்கள் உண்டு, ஆனால் படுக்கும் நேரத்தில் மொபைலைக் கையில் எடுத்தால் வேறெங்கோ போய்விடுவோம் என்பதால் நான் காகிதத்தின் பக்கம். தவறிய நாளில் ஒரு புள்ளி. எங்கே, எப்படி என்று நாலு சொல்லில் ஒரு குறிப்பு: "வேன் நேரம். ஷூ. கத்தினேன்." இரண்டு வாரத்துக் குறிப்பைச் சேர்த்துப் படித்தால் கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துவிடும். பலருக்கு அது பசி நேரமாகவோ தூக்கம் கெட்ட மறுநாளாகவோ இருக்கும். தவறிய அன்றே பிள்ளையிடம், "காலைல கத்திட்டேன், தப்புதான்" என்று சொல்லிவிட முடிந்தால் அதுவும் பெரிய பயிற்சி. பெரியவர்களும் மன்னிப்புக் கேட்பார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் தெரியவரும்.

ஒரு வாரம் போதாது என்று பட்டால் அதே வரியை நாலு வாரம் வையுங்கள். பிராங்க்ளினின் பதின்மூன்று வாரக் கணக்கு அவர் வசதிக்கு. அவரும் கடைசிவரை அப்படியே ஓடவில்லை. வருடத்துக்கு ஒரு சுற்று, பிறகு சில வருடங்களுக்கு ஒரு சுற்று என்று இளகி, பயணமும் பொறுப்புகளும் கூடியபோது விட்டேவிட்டார். நோட்டு மட்டும் கூடவே போனது.

எத்தனை நாள் ஆகும்?

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம்பி இறங்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். காலை உணவுக்குப் பின், சாப்பாட்டோடு என்று தினமும் ஒரே சூழலில் ஒரு சிறு செயலைச் செய்ய வேண்டும். அது யோசிக்காமலே நடக்க எவ்வளவு நாள் ஆகிறது என்பதே கேள்வி. நடுவாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம். பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய நாட்கள், போக்கைப் பார்த்துக் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் தெரிந்தது. அங்கே பார்த்ததெல்லாம் பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, நடப்பது போன்றவை. நாக்கையும் கோபத்தையும் பழக்க இன்னும் நாளாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறியதற்காக நோட்டை மூடிவிடக் கூடாது என்பதை மட்டும் இந்த ஆய்விலிருந்து இறுகப் பிடித்துக்கொள்ளலாம்.

நோட்டில் வராத குறை

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. பட்டியலில் எழுதியதை மட்டுமே நோட்டு காட்டும். நீதி என்ற குணத்துக்கு வாரம் தவறாமல் கணக்குப் பார்த்த பிராங்க்ளின், அதே வாழ்நாளில் பல வருடங்கள் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அவர் நடத்திய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. அதற்கு எந்தக் கட்டத்திலும் புள்ளி விழவில்லை, ஏனென்றால் அவரைச் சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தவறென்றே எண்ணவில்லை. கடைசிக் காலத்தில் மனம் மாறி, 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, அடிமைமுறைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார். அந்த மாற்றம் அவருடைய வாராந்திரக் கட்டங்களிலிருந்து வந்ததல்ல. அடிமைமுறை பாவம் என்று பென்சில்வேனியாவில் பல்லாண்டாகக் குரல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் குவேக்கர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

நம் வீட்டிலும் இதுதான் நிலை. வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருப்பது, மருமகள் பேசத் தொடங்கினால் மட்டும் டிவி சத்தத்தைக் கூட்டுவது போன்றவை, செய்பவர் கண்ணுக்குக் குறையாகவே படாது. அதனால் பட்டியலின் ஒரு வரியையாவது அடுத்தவர் சொல்லி எழுதுங்கள். மனைவியிடமோ கணவரிடமோ, வளர்ந்த பிள்ளையிடமோ, கூட வேலை பார்ப்பவரிடமோ, "என்கிட்ட உனக்குக் கஷ்டமா இருக்கிற ஒண்ணு சொல்லு" என்று கேளுங்கள். நல்ல நேரம் பார்த்துக் கேளுங்கள், சண்டைக்கு நடுவில் வேண்டாம். அவர்கள் முதலில் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்டால் வரும். வந்ததும் விளக்கம் சொல்லத் துடிக்கும். அன்று ஒருநாள் பதிலே பேசாமல், அவர்கள் சொன்ன அதே சொற்களில் நோட்டின் மேல் வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்.